பதினாலே முக்கால் மணி நேரப் பகல்: ஒரு வண்டின் உறக்கமும் நகர்ந்துபோன எல்லைக்கோடும்

2001 மே மாதத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஆற்றோரமாகச் சில இடங்களில், ஒரு சின்ன வண்டைத் திறந்தவெளியில் விட்டார்கள். உடல் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். மஞ்சள் நிறம், ஒவ்வொரு இறக்கை உறையிலும் நீளவாக்கில் இரண்டு கருங்கோடு. நெவாடாவின் லவ்லாக், யூட்டாவின் டெல்டா, கொலராடோவின் பியூப்லோ, வயோமிங்கின் லவல், கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, டெக்சஸின் சீமோர் என்று இடங்கள் பல. வண்டு என்னவோ ஒன்றுதான்: சீனாவின் வடமேற்கில் ஃபூகாங்கிலும், அதை ஒட்டிய கசகஸ்தானின் சிலிக்கிலும் பிடித்து வந்தவற்றின் வாரிசுகள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைவு இரண்டாகப் பிரிந்தது. லவ்லாக்கிலும் டெல்டாவிலும் வண்டு பெருகி, ஒழிக்க நினைத்த டாமரிஸ்க் களைப் புதர்களை மொட்டையடித்துக்கொண்டே ஆற்றோடு போனது. சீமோரிலும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலும் காலூன்றவே இல்லை. அங்கே தீனிக்குக் குறைவில்லை. வெயில் தாராளம். குளிர்காலம் வடக்கைவிட லேசானது. வடக்கே பிழைக்கும் பூச்சி தெற்கே சாவதற்கு மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பிழைத்ததற்கும் செத்ததற்கும் நடுவே ஒரு கோடு போடலாம்போல இருந்தது. அது ஏறக்குறைய 38 டிகிரி வட அட்சரேகையில் விழுந்தது.

அந்தக் கோடு ஏன் அங்கே விழுந்தது, அதை நம்பி என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, சில ஆண்டுகளிலேயே அது எப்படி இடம் மாறியது என்பதுதான் இந்த நிகழ்வில் பார்க்க வேண்டியது.

வண்டு வந்த கதை

டாமரிஸ்க், பழைய உலகத்தின் வறண்ட நிலங்களுக்குச் சொந்தமான புதர்மரம். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகவும், காற்றைத் தடுக்கவும், கரை அரிப்பை நிறுத்தவும் வட அமெரிக்காவில் நட்டார்கள். பின்னால் அணைகள் வந்து ஆறுகளின் வெள்ளம் அடங்கியதும், அந்த மண்ணின் சொந்த மரங்களான காட்டன்வுட்டும் வில்லோவும் நின்ற கரைகளை அது பிடித்துக்கொண்டது. இலை வழியே உப்பைக் கக்கும். இலை உதிர்ந்தால் மேல்மண்ணில் உப்பு சேரும். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும், எரித்தாலும் அப்படியே. மருந்தடிப்பது செலவு.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் டெம்பிள் ஆய்வகத்தில் ஜாக் டிலோச் தலைமையிலான குழு, டாமரிஸ்க்கின் சொந்த நாட்டில் அதைத் தின்னும் பூச்சிகளைப் பல ஆண்டுகள் சோதித்து இந்த இலைவண்டைத் தேர்ந்தெடுத்தது. அப்போது இதன் பெயர் டயோராப்டா எலாங்கேட்டா. 2009-இல் அந்த ஒரே பெயருக்குள் ஐந்து இனங்கள் இருப்பதாகப் பிரித்தபோது, ஃபூகாங் வண்டு டயோராப்டா கேரினுலேட்டா ஆனது. புழுவும் தின்னும், வளர்ந்த வண்டும் தின்னும், இரண்டுக்கும் இலைதான் தீனி. புழு மூன்று பருவம் வளர்ந்து, மரத்தடிச் சருகில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். குளிர்காலத்தையும் அதே சருகுக்குள் வளர்ந்த வண்டாகவே கழிக்கும்.

ஒருமுறை மொட்டையடித்தால் டாமரிஸ்க் சாகாது. சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். திரும்பத் திரும்ப, ஆண்டுக்கு ஆண்டு இலை போனால்தான் வேரில் இருக்கும் மாவுச்சத்து தீர்ந்து மரம் ஓயும். அதனால் வண்டு எத்தனை தின்கிறது என்பதைவிட எத்தனை நாள் தின்கிறது என்பது முக்கியம். ஜூலையில் வண்டு வேலையை நிறுத்திவிட்டால், ஆகஸ்டும் செப்டம்பரும் மரத்துக்கு இலவசம்.

குளிருக்கு முன்பே தொடங்கும் உறக்கம்

மிதவெப்ப மண்டலப் பூச்சிகள் குளிர் தாங்காமல் மரத்துப்போய் உறங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் விறைத்து, வெயில் பட்டதும் எழுவது வேறு விஷயம். அது நேரடி எதிர்வினை, எந்த ஏற்பாடும் இல்லாதது. இங்கே பேசுவது டயாபாஸ். வெட்டுக்கிளி இனத்துப் பூச்சியின் முட்டைக் கருவைப் பார்த்து வில்லியம் மார்ட்டன் வீலர் 1893-இல் வைத்த பெயர். உடல் முன்கூட்டியே எடுக்கும் முடிவு இது. வெளியே இன்னும் சூடாக இருக்கும், தீனி கிடைக்கும், ஆனாலும் பூச்சி இனப்பெருக்கத்தை நிறுத்தும், கொழுப்பைச் சேர்க்கும், ஒளிய இடம் தேடும். பனி விழும்போது எல்லா ஏற்பாடும் முடிந்திருக்கும்.

முன்கூட்டியே முடிவெடுக்க நம்பகமான அடையாளம் வேண்டும். வெப்பநிலை நம்பத்தக்கதல்ல. செப்டம்பரில் ஒரு வாரம் கொளுத்தும், மே மாதத்தில் திடீரென்று உறைபனி வரும். பகலின் நீளம் ஏமாற்றாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது பருவத்தோடு மாறுகிறது, ஆண்டு தவறாமல் அதே தேதியில் அதே அளவு. 1920களில் மார்கோவிச் அசுவினிப் பூச்சிகளில் இதைக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அவற்றின் பருவ மாற்றத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது.

ஒரு பூச்சிக்கூட்டத்தில் பாதிப் பேர் உறக்கத்துக்குப் போகும் பகல் நீளத்தை வரம்புப் பகல் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட நீண்ட பகலில் பெரும்பாலானவை இனப்பெருக்கம் செய்யும், குறைந்தால் உறங்கும். இந்த வரம்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதை லெனின்கிராடைச் சேர்ந்த டானிலெவ்ஸ்கி ஒரே அந்துப்பூச்சி இனத்தை வைத்து அழகாகக் காட்டினார். கருங்கடல் ஓரம் 43 டிகிரியில் உள்ள சுகுமியில் பிடித்தவற்றுக்கு வரம்பு 15 மணிக்கும் குறைவு. 60 டிகிரியில் லெனின்கிராடில் பிடித்தவற்றுக்கு 19 மணியையும் தாண்டும். வடக்கே 5 டிகிரி போனால் வரம்பு சுமார் ஒன்றரை மணி கூடுகிறது. வடக்கே கோடைப் பகல் நீளம், குளிரும் சீக்கிரம் வரும். ஆகவே நீண்ட பகல் இருக்கும்போதே படுக்கப் போக வேண்டும். கலப்பினம் செய்தபோது வரம்பும் இரண்டுக்கும் நடுவே வந்து நின்றது. ஆக இது பரம்பரையாக வருவது, இடத்தில் பழகிக்கொள்வது இல்லை.

இந்த அறிவு 1960களிலேயே அச்சில் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

வண்டைத் திறந்து பார்த்தால்

கொலராடோவின் பாலிசேட் பூச்சிப் பண்ணையோடு பெயர் சேர்ந்துபோன டான் பீனும் அவர் கூட்டாளிகளும் ஃபூகாங் வண்டின் உறக்கத்தை ஆய்வகத்தில் படிப்படியாகப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். 16 மணி வெளிச்சம், 8 மணி இருட்டு என்று வைத்தால், கூட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று நாளில் ஆண் வண்டு மற்றவற்றைக் கூப்பிடும் மணத்தை வெளியிடத் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்குள் பெண் முட்டையிடுகிறது. வயிற்றைத் திறந்தால் சூலகம் புடைத்து, ஒவ்வொரு சூல்குழாயிலும் இரண்டு மூன்று மஞ்சள் கருமுட்டைகள் வரிசையாக இருக்கும்.

12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாற்றினால் நிலைமை தலைகீழ். ஆண் மணம் வெளியிடாது. இணைசேர்க்கை இல்லை. பெண்ணின் சூல்குழாய்கள் கண்ணாடிபோலத் தெளிவாக, ஒல்லியாகக் கிடக்கும். வயிறு நிறையக் கொழுப்பு. ஆணின் துணைச் சுரப்பிகள் கூட வெளுத்து மெலிந்துவிடும்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. ஏற்கெனவே முட்டையிட்டுக்கொண்டிருந்த பெண்களை நீண்ட பகலிலிருந்து குறுகிய பகலுக்கு மாற்றினார்கள். அவை முட்டையிடுவதை நிறுத்தின. வளர்ந்துகொண்டிருந்த கருமுட்டைகளை உடலே திரும்ப உறிஞ்சிக்கொண்டது. பிறகு உறக்கத்துக்குள் போயின. பல பூச்சிகளில் புழுப்பருவத்திலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடும், அப்புறம் மாற்ற முடியாது. இந்த வண்டு வளர்ந்த பிறகும் பகலை அளந்துகொண்டே இருக்கிறது. பாதிக் கட்டிய முட்டையைக் கலைத்துக் கொழுப்பாக்கும் அளவுக்கு அந்த அளவை நம்புகிறது.

தெற்கே நடந்தது

சரி, இனிக் கணக்கைப் போடலாம். ஃபூகாங் வண்டின் வரம்புப் பகல் 14 மணி 40 நிமிடத்திலிருந்து 14¾ மணிக்குள் இருந்தது. ஃபூகாங் 44 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஜூன் 21 வாக்கில் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி. அது சுருங்கிச் சுருங்கி வரம்பைத் தொடும்போது ஜூலை முடியப் போகும். அதற்குள் புதிய தலைமுறை வண்டுகள் வந்து முட்டையிட்டு முடிக்க நேரம் இருக்கும்.

டெல்டா, லவ்லாக் போன்ற 39, 40 டிகிரி இடங்களில் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 15 மணிதான். வரம்பை ஜூலை முதல் பாதியிலேயே தாண்டிவிடும். வண்டு சீக்கிரம் படுக்கப் போகும், ஆனாலும் ஒரு தலைமுறையாவது கூடுதலாகக் கிடைக்கிறது. பிழைத்தது. 38 டிகிரியில் ஆண்டின் நீண்ட பகல் வரம்பை மயிரிழையில் தொடுகிறது. 37 டிகிரிக்குக் கீழே தொடுவதே இல்லை.

டெக்சஸில் என்ன ஆகியிருக்கும் என்பது இதிலிருந்தே தெரியும். வசந்தத்தில் வெளிவந்த வண்டுகள் முட்டையிட்டன. புழுக்கள் நன்றாகத் தின்று வளர்ந்தன. அவை வண்டாகி வந்தபோது கோடையின் உச்சம், ஆண்டிலேயே நீண்ட பகல். அந்தப் பகலும் அவற்றுக்கு இலையுதிர்காலப் பகலாகவே தெரிந்தது. ஜூலைத் தொடக்கத்திலேயே இனப்பெருக்கம் நின்று, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு சருகுக்குள் இறங்கிவிட்டன. தலைக்கு மேலே டாமரிஸ்க் இன்னும் பல மாதங்கள் பச்சையாகவே இருக்கப்போகிறது.

உறக்கத்தில் உடல் மெதுவாகத்தான் எரிகிறது, ஆனால் எரியும் வேகம் வெப்பத்தோடு கூடும். குளிர்காலத்துக்கென்று சேர்த்த கொழுப்பை டெக்சஸின் ஜூலை, ஆகஸ்ட் வெயிலிலேயே செலவழித்தால் அடுத்த வசந்தத்துக்கு என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு எறும்பும் மற்ற வேட்டைப் பூச்சிகளும் தரையில் சுறுசுறுப்பாக இருக்கும் மாதங்கள் அவை. தெற்கே வண்டைக் கொன்றது குளிர் அல்ல, மிக நீண்ட உறக்கம்.

இதைக் கண்டதும் தெற்குக்கு வேறு வண்டு தேடினார்கள். கிரீட் தீவிலிருந்தும் துனீசியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் கொண்டுவந்த டயோராப்டா வகைகளுக்கு வரம்புப் பகல் குறைவு. கிரீட் வண்டு டெக்சஸின் பிக் ஸ்பிரிங்கில் பிடித்துக்கொண்டது. துனீசிய வண்டு பிறகு ரியோ கிராண்டே கரையில் விடப்பட்டது. உறக்கத்தை ஒரு தேர்வு விதியாக வைத்து, விடும் இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ற வண்டைப் பொறுக்கியது நல்ல வேலை. அந்த வகையில் டெக்சஸ் தோல்வி பயனுள்ள தோல்விதான்.

கோட்டை வேலியாக நம்பியது

இதற்குள் ஒரு பறவையும் இருந்தது. தென்மேற்கு வில்லோ ஈபிடிப்பான் 1995-இல் அருகிவரும் இனமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. இது வில்லோ அடர்ந்த ஆற்றோரத்தில் கூடு கட்டும். வில்லோ போய் டாமரிஸ்க் வந்த இடங்களில் டாமரிஸ்க்கிலேயே கட்டப் பழகியிருந்தது. களை என்று நினைத்த மரம் அருகிவரும் பறவைக்கு வீடாகிவிட்டதால், வண்டை விடுவதற்கே நிபந்தனை போட்டார்கள்: பறவை டாமரிஸ்க்கில் கூடு கட்டும் இடங்களிலிருந்து 200 மைலுக்குள் விடக்கூடாது.

தூரத்தோடு அட்சரேகையும் துணைக்கு இருந்தது. பறவை இருப்பது 38 டிகிரிக்குத் தெற்கே, வண்டு பிழைப்பது வடக்கே. வண்டு ஆற்றோடு தெற்கே நகர்ந்தாலும் அதன் சொந்தக் கடிகாரமே அதை நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை.

2006-இல் யூட்டாவின் தென்மேற்கு மூலையில், வர்ஜின் ஆற்றோரம் செயின்ட் ஜார்ஜ் பகுதியில் வண்டுகள் கொண்டுவந்து விடப்பட்டன. ஊர் இருப்பது 37 டிகிரியில். பழைய வரம்பின்படி அங்கே வண்டுக்கு எதிர்காலமே இருந்திருக்கக் கூடாது. 2008-இல் அங்கே டாமரிஸ்க் பரவலாகப் பழுப்பானது, ஈபிடிப்பான் கூடுகள் இருந்த புதர்கள் உட்பட. கூட்டில் குஞ்சு இருக்கும் நடுக்கோடையில் தலைக்கு மேலே இலை போனால் நிழலும் போகிறது, மறைவும் போகிறது. 2009-இல் கிராண்ட் கேன்யனிலும் வண்டைப் பார்த்தார்கள். அதே ஆண்டு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஜூனில் வேளாண்மைத் துறை டாமரிஸ்க் வண்டை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவும் புதிதாக விடவும் தந்துவந்த அனுமதியை நிறுத்திக்கொண்டது.

அனுமதியை நிறுத்தலாம், வண்டை நிறுத்த முடியாது. அது தன் போக்கில் கொலராடோ ஆற்றோடு மேலும் தெற்கே இறங்கியது.

எப்படி நகர்ந்தது

பீன் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. வண்டை விட்டு ஏழு ஆண்டு கழித்து நான்கு இடங்களிலிருந்து வண்டுகளைப் பிடித்து, ஆய்வகத்தில் வரம்புப் பகலை மறுபடி அளந்தார்கள். எல்லா இடத்திலும் குறைந்திருந்தது. அதுவும் கண்டபடி அல்ல. தெற்கே போகப் போக அதிகமாகக் குறைந்து, அட்சரேகையோடு சரிவாக அமைந்திருந்தது. சுகுமியிலிருந்து லெனின்கிராட் வரை அந்துப்பூச்சியில் டானிலெவ்ஸ்கி கண்ட அதே சரிவு, புதிய கண்டத்தில், ஏழே ஆண்டில். ஓரிடத்தில் வண்டு இனப்பெருக்கம் செய்யும் காலம் 16 நாள் கூடியிருந்தது.

16 நாள் எவ்வளவு சின்ன மாற்றத்தால் கிடைக்கும் என்று பாருங்கள். 39 டிகிரியில் ஜூலை முதல் பாதியில் பகல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு நிமிடம் சுருங்குகிறது, பிறகு கொஞ்சம் வேகம் கூடுகிறது. வரம்பு இருபது நிமிடம் இறங்கினால் போதும், ஏறக்குறைய இரண்டு வாரம் கைக்கு வந்துவிடும். இரண்டு வாரம் என்றால் இன்னொரு சுற்று முட்டை.

இங்கேதான் வரம்புப் பகலின் இலக்கணத்துக்குத் திரும்ப வேண்டும். பாதி வண்டுகள் உறங்கும் பகல் நீளம் என்றால், மீதிப் பாதி உறங்காது என்று அர்த்தம். 14¾ மணி என்பது எந்தத் தனி வண்டின் அளவும் அல்ல, கூட்டத்தின் நடுப்புள்ளி. டெல்டாவில் ஜூலை முதல் பாதியில் பெரும்பாலானவை சருகுக்குள் இறங்கியபோது சில மேலேயே இருந்து முட்டையிட்டன. ஃபூகாங்கில் அப்படித் தாமதித்தவற்றின் புழுக்களை உறைபனி பிடித்துத் தண்டித்திருக்கும். யூட்டாவில் உறைபனி வர இன்னும் நாள் இருந்தது, தின்ன இலையும் இருந்தது. சீக்கிரம் படுத்தவை சூடான தரையில் கொழுப்பை எரித்துச் சாக, தாமதித்தவற்றின் பிள்ளைகள் அடுத்த வசந்தத்துக்கு வந்தன. ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை, லட்சக்கணக்கான வண்டுகள், இவ்வளவு கடுமையான வடிகட்டல். ஏழு ஆண்டு போதாதா?

சீமோரில் அதே மாறுபாடு ஏன் கைகொடுக்கவில்லை என்று கேட்கலாம். அங்கே நடுப்புள்ளிக்கும் தேவைக்கும் இடைவெளி ஒரேயடியாகப் பெரிது. தாமதிக்கும் வண்டும் போதிய அளவு தாமதிக்கவில்லை. வடக்கே எல்லையோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியேற வாய்ப்பு கிடைத்தது, ஒவ்வொரு படியிலும் பிழைத்த கூட்டம் அடுத்த சில மைல் தெற்கே போனது. ஒரே தாவலில் முடியாதது இப்படி முடிந்தது. என் பார்வையில், 38 டிகிரிக் கோட்டை வேலியாக நினைத்தவர்கள் சறுக்கிய இடம் இதுதான். டெக்சஸில் வண்டு செத்தது உண்மை. அதிலிருந்து யூட்டாவின் வண்டு தெற்கே வராது என்று சொல்ல முடியாது. பெயர் ஒன்றுதான், ஆனால் 2001-இல் டெக்சஸில் விட்ட கூட்டமும் 2006-இல் வர்ஜின் ஆற்றுக்கு வந்த கூட்டமும் வரம்பளவில் ஒன்றல்ல.

யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வரம்புப் பகல் பரம்பரையாக வருவது என்றும், இடத்துக்கு இடம் சரிவாக அமைவது என்றும் நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். அது எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கும் எடுத்துக்காட்டு வந்திருந்தது. குடுவைத் தாவரத்தின் நீரில் வளரும் வயோமியா ஸ்மித்தியை என்ற கொசுவை ஆரிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராட்ஷாவும் கிறிஸ்டினா ஹோல்சாப்ஃபெலும் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1972-க்கும் 1996-க்கும் இடையே அதன் வரம்புப் பகல் குறைந்திருந்தது. 50 டிகிரியில் அது இலையுதிர்காலத்தில் ஒன்பது நாள் தாமதமாக உறங்கப் போவதற்குச் சமம். காலநிலை சூடாவதால் வந்த மரபு மாற்றம் என்று அவர்கள் வெளியிட்ட ஆண்டு 2001. வண்டைத் திறந்துவிட்ட அதே ஆண்டு.

இப்போது

டாமரிஸ்க் தரப்பில் விளைவு கலவையானது. சில ஆறுகளில் மரங்கள் பல ஆண்டு அடி வாங்கிச் செத்தன, சில இடங்களில் மெலிந்து பிழைத்திருக்கின்றன. செத்த இடத்தில் வில்லோ தானாக வந்துவிடாது. வெள்ளம் வர வேண்டும், அல்லது யாராவது நட வேண்டும். ஈபிடிப்பான் வாழும் கரைகளில் வண்டு வருவதற்கு முன்பே வில்லோவையும் காட்டன்வுட்டையும் நட்டு வைப்பது இப்போது பாதுகாப்பு வேலையின் பகுதியாகிவிட்டது. வண்டு எங்கே வரை வந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் கண்காணிப்பதும் அதற்காகத்தான்.

வண்டுத் தரப்பில் கதை இன்னொரு கட்டத்துக்குப் போயிருக்கிறது. தெற்குக்கென்று தனியாகக் கொண்டுவந்த துனீசிய, கிரீட், உஸ்பெக் வகைகளும் பரவின. வடக்கிலிருந்து ஃபூகாங் வகை இறங்கியது. அவை சந்தித்த இடங்களில் கலப்பின வண்டுகள் இருப்பதை மரபணுச் சோதனை உறுதிசெய்திருக்கிறது. வேறுவேறு அட்சரேகைகளில் அமைந்த வரம்புகள் ஒரே கூட்டத்தில் சேரும்போது நடுப்புள்ளி மட்டுமல்ல, அதைச் சுற்றிய மாறுபாடும் மாறும். அடுத்து எங்கே பரவும் என்று கணிக்க நினைப்பவர்கள் 2001-இன் எண்ணை எடுத்துக்கொண்டு உட்காராமல், ஆற்றங்கரையில் இப்போது இருக்கும் வண்டைப் பிடித்து, விளக்குப் பெட்டியில் வைத்து, வயிற்றைத் திறந்து மஞ்சள் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.